பெயர் சொல்லி அழைத்தும் கணினி ஏன் திரும்பவில்லை?

கணினி அறையில் பாடவேளை தொடங்கியதும் நாம் அடிக்கடி கேட்கும் தொடர், "சார், கனெக்ட் ஆகல" என்பதுதான். இந்த ஒரு தொடருக்குள் பல பழுதுகள் ஒளிந்திருக்கலாம். கம்பி கழன்றிருக்கலாம். ரௌட்டர் அணைந்திருக்கலாம். எதிர்முனைக் கணினியை யாரும் இயக்காமல் விட்டிருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும், ஒரு கணினியின் பெயரை வைத்து மற்றொரு கணினியால் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் போயிருக்கலாம். இந்தக் கடைசிப் பழுதுதான் நம்மை அதிகம் குழப்புகிறது. காரணம் தெரிந்துவிட்டால் எளிதில் தீர்வதும் இதுவே.

லினக்ஸ் இயங்குதளம் உள்ள இரண்டு மூன்று கணினிகளை வீட்டில் ஒரே ரௌட்டரில் இணைத்திருக்கும் ஆசிரியர்களுக்கு இது பழகிய தொல்லை. எங்கள் பள்ளியின் கணினி அறையும் அளவில் சற்றுப் பெரிய வீட்டு வலையமைப்பு போன்றதுதான்: பத்துப் பழைய கணினிகள், அவற்றில் உபுண்டு, வீடுகளில் பயன்படும் அதே வகை ரௌட்டர் ஒன்று. பத்துக் கணினிகளை ஒரு வகுப்பே பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில் ஒரு பாடவேளை வீணானால், ஒரு குழந்தை மீண்டும் விசைப்பலகையைத் தொட அடுத்த வாரம் ஆகிவிடும். எனவே பழுதைக் கண்டறியும் முறையை மாணவர்களோடு சேர்ந்தே கற்றுக்கொண்டோம். அந்த அனுபவத்தை இங்கே பகிர்கிறேன்.

பெயரும் எண்ணும்

வகுப்பில் ஒவ்வொரு மாணவருக்கும் பெயர் உண்டு. வருகைப் பதிவேட்டில் வரிசை எண்ணும் உண்டு. நாம் பெயரால் அழைக்கிறோம். பதிவேடு எண்ணால் நடக்கிறது. பெயர் மாறுவதில்லை. எண்ணோ புதிய சேர்க்கை வந்தாலும் ஆண்டு மாறினாலும் மாறிவிடும்.

கணினி வலையமைப்பிலும் இதே நிலைதான். ஒவ்வொரு கணினிக்கும் நாம் வைத்த பெயர் உண்டு. செய்திகள் போய்ச் சேருவதோ ஐபி முகவரி என்னும் எண்ணைக் கொண்டுதான். வீட்டு ரௌட்டர்கள் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் முகவரிகளைக் கணினிகளுக்கு வழங்குகின்றன. இவ்வாறு தானாக முகவரி வழங்கும் முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். இந்த முகவரி குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே தரப்படும் இரவல். ரௌட்டர் அணைந்து மீண்டும் இயங்கும்போது, நேற்று ஒரு கணினிக்கு இருந்த முகவரி இன்று வேறு கணினிக்குப் போகக்கூடும்.

ஆகவே பெயரைக் கேட்டால் இன்றைய முகவரியைச் சொல்ல ஓர் ஏற்பாடு தேவை. இதையே பெயர்த் தீர்வு என்கிறோம்.

பெயரைத் தேடும் மூன்று இடங்கள்

பள்ளியில் ஒரு மாணவரைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. நம் கையேட்டில் குறித்து வைத்திருப்பதைப் பார்க்கலாம். அலுவலகத்தில் கேட்கலாம். வகுப்பு வாசலில் நின்று பெயரைச் சொல்லி, "யாரம்மா அது?" என்று உரக்க அழைக்கலாம். லினக்ஸ் கணினியும் இந்த மூன்றையும் செய்கிறது.

முதலாவது, கையேடு. ஈடிசி என்னும் கோப்புறையில் ஹோஸ்ட்ஸ் என்ற சிறு கோப்பு உள்ளது. ஒவ்வொரு வரியிலும் முதலில் முகவரி, பிறகு பெயர். இதில் எழுதியிருப்பதைக் கணினி அப்படியே நம்பும், சரிபார்க்காது.

இரண்டாவது, அலுவலகம். மேல்நிலை வகுப்புகளில் பாடமாக வரும் டிஎன்எஸ் என்னும் களப்பெயர் முறைமை இதுவே. வீட்டில் இந்தக் கேள்வி பெரும்பாலும் முதலில் ரௌட்டரிடம் போகிறது. வெளியுலக இணையத்தளங்களின் பெயர்களை அது மேலே கேட்டுச் சொல்லிவிடும். வீட்டுக்குள் இருக்கும் கணினிகளின் பெயர்களைச் சொல்லுமா என்பது ரௌட்டரைப் பொறுத்தது. சில சொல்லும், பல சொல்லாது. "இணையம் வருகிறது, பக்கத்துக் கணினி மட்டும் வரவில்லை" என்ற புதிருக்குப் பல நேரங்களில் இதுவே விடை.

மூன்றாவது, உரக்க அழைப்பது. இதற்கு எம்டிஎன்எஸ் என்று பெயர். லினக்சில் அவாஹி என்னும் சேவை இதைச் செய்கிறது. ஒரு கணினி, "வைகை.லோக்கல் யார்?" என்று வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி கேட்கிறது. வைகை என்னும் கணினி, "நான்தான், என் முகவரி இது" என்று தானே பதில் சொல்கிறது. பதிவேடு எதுவும் தேவையில்லை. பெயரின் முடிவில் லோக்கல் என்ற பின்னொட்டு இருந்தால்தான் இந்த அழைப்பு நடக்கும்.

எந்த இடத்தில் முதலில் தேட வேண்டும் என்ற வரிசை, அதே ஈடிசி கோப்புறையிலுள்ள என்எஸ்ஸ்விட்ச் டாட் கான்ஃப் என்ற கோப்பில், ஹோஸ்ட்ஸ் என்று தொடங்கும் வரியில் இருக்கிறது. பொதுவாக முதலில் கையேடு, அடுத்து உரக்க அழைப்பு, பிறகு அலுவலகம். கையேட்டில் விடை கிடைத்துவிட்டால் மற்ற இரண்டையும் கணினி கேட்பதே இல்லை. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்திருந்தால் பாதிப் பழுதுகள் புரிந்துவிடும்.

வரலாற்றிலும் கையேடுதான் முதலில் வந்தது. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் பராமரிக்கப்பட்டன. மற்ற இடங்கள் அதைப் படியெடுத்துக்கொண்டன. கணினிகள் பெருகியதும் கோப்பைப் புதுப்பித்து மாளவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் களப்பெயர் முறைமையை வடிவமைத்தார். மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது, "பழைய கோப்பு இன்னும் ஒவ்வொரு லினக்ஸ் கணினியிலும் ஒரு மூலையில் உயிரோடு இருக்கிறது" என்று காட்டலாம். வியப்போடு திறந்து பார்ப்பார்கள்.

ஆய்வின் ஐந்து படிகள்

கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழில் தந்துள்ளேன். முனையத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

படி 1: பாதை இருக்கிறதா? எதிர்முனைக் கணினியின் முன் சென்று "ஐபி ஏ" என்று தட்டச்சு செய்து அதன் இன்றைய முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் கணினிக்குத் திரும்பி, பெயரை விட்டுவிட்டு அந்த எண்ணுக்கே "பிங்" கட்டளை கொடுங்கள். பதில் வந்தால் பாதை சரி. பழுது பெயரில் இருக்கிறது. பதில் வராவிட்டால் கம்பி, வைஃபை, ரௌட்டர், தீயரண் ஆகியவற்றைப் பாருங்கள். பெயரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படி 2: செய்தி என்ன சொல்கிறது? இப்போது பெயருக்கு "பிங்" கொடுங்கள். வரும் செய்தியை மாணவர் ஒருவர் முழுதாகப் படிக்கட்டும். "நேம் ஆர் சர்வீஸ் நாட் நோன்" என்றால், தேடிப் பார்த்தும் அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை என்று பொருள். "டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசல்யூஷன்" என்றால், கேட்ட இடத்திலிருந்து உருப்படியான விடை வரவில்லை என்று பொருள். உபுண்டுவில் புள்ளி இல்லாத ஒற்றைச்சொல் பெயரைக் கேட்டாலும் இந்தச் செய்தி வருவதுண்டு. பெயருக்குப் பின் புள்ளியும் லோக்கலும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்றால் பெயருக்கு முகவரி கிடைத்துவிட்டது. அந்த முகவரியில்தான் யாரும் இல்லை.

படி 3: எந்த முகவரி வந்தது? "பிங்" விடையின் முதல் வரியில் பெயரை அடுத்து முகவரி தெரியும். படி 1-இல் குறித்த முகவரியும் இதுவும் ஒன்றுதானா? பதில் வந்துவிட்டதே என்று இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். பதில் சொல்வது வேறு கணினியாக இருக்கலாம்.

படி 4: விடை எங்கிருந்து வந்தது? "கெட்", "என்ட்" என்ற இரண்டையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து, அடுத்து "ஹோஸ்ட்ஸ்" என்றும் கணினியின் பெயரையும் தட்டச்சு செய்யுங்கள். கணினி தன் வழக்கமான வரிசைப்படி தேடி அடைந்த முடிவை இது காட்டும். பிறகு ஈடிசி கோப்புறையிலுள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து அதில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் இந்த இடத்தில் "என்எஸ்லுக்கப்" கட்டளையைப் பயன்படுத்துவார்கள். அது மேற்சொன்ன வரிசையைப் பின்பற்றாமல் நேரே டிஎன்எஸ் வழங்கியிடம் கேட்கும் கருவி. எனவே "பிங்" கண்டுபிடிக்கும் லோக்கல் பெயரை அது "இல்லை" என்று சொல்லக்கூடும். இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு விடை வருவது இயல்பு. யாரிடம் கேட்டோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிஎன்எஸ் கேள்விகள் எந்த வழங்கிக்குப் போகின்றன என்பதை உபுண்டுவில் "ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்" காட்டும்.

படி 5: அழைப்பு காதில் விழுகிறதா? லோக்கல் என்ற பின்னொட்டோடு கேட்டும் விடை வராவிட்டால், இரு கணினிகளிலும் அவாஹி சேவை இயங்குகிறதா என்று பாருங்கள். ஒரு கணினி விருந்தினர் வைஃபையிலும் மற்றொன்று முதன்மை வைஃபையிலும் இருந்தால் ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்காது. இந்த அழைப்பு யூடிபி 5353 என்ற போர்ட் வழியாகப் போகிறது. தீயரண் அதை அடைத்திருந்தாலும் கேட்காது.

ஓர் எச்சரிக்கை: ஒரு கணினியில் அமர்ந்துகொண்டு அதன் பெயரையே அழைத்துச் சோதிக்க வேண்டாம். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் பொதுவாகக் கணினியின் சொந்தப் பெயர் 127.0.1.1 என்ற முகவரியோடு ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அது தனக்குத் தானே பதில் சொல்லிக்கொள்ளும் முகவரி. மற்றவர்களுக்கு அந்தப் பெயர் தெரியுமா என்பதற்கு அது சான்று ஆகாது.

கோப்புகள் காணாமல் போன திங்கட்கிழமை

எங்கள் அறையில் கணினிகளுக்கு ஆறுகளின் பெயர்களை மாணவர்கள் வைத்தார்கள். வைகை என்ற கணினியில் எல்லாரும் தம் செயல்திட்டக் கோப்புகளைச் சேமிக்கும் பொதுக் கோப்புறை இருந்தது. ஒரு வார இறுதியில் நீண்ட மின்தடை. திங்கட்கிழமை ஒரு மாணவன் வைகையின் கோப்புறையைத் திறந்தான், உள்ளே ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை கடைசியாக வைகையில் வேலை செய்தவர் ஒரு மாணவி. "அவதான் சார் அழிச்சிருப்பா" என்று இரண்டு மூன்று குரல்கள் எழுந்தன. அவள் எதுவும் சொல்லாமல் நின்றாள். செய்முறைத் தேர்வுக்கு அதிக நாள் இல்லை. வகுப்பு முழுவதன் உழைப்பும் அந்தக் கோப்புறையில் இருந்தது.

"யார் அழித்தது என்று அப்புறம் பார்ப்போம். முதலில், நமக்குப் பதில் சொன்னது யார் என்று பார்ப்போம்" என்று சொல்லி, மேற்கண்ட படிகளைத் தொடங்கச் சொன்னேன். வைகைக்குக் கொடுத்த "பிங்" தடையின்றிப் பதில் தந்தது. காட்டிய முகவரி 192.168.1.12. குற்றம் சாட்டப்பட்ட மாணவியே வைகையின் முன் அமர்ந்து "ஐபி ஏ" கொடுத்தாள். அதன் முகவரி 192.168.1.15. இதற்குள் கடைசி வரிசையிலிருந்து, "எங்க கம்ப்யூட்டர்ல எல்லாக் கோப்பும் தெரியுதே சார்" என்று ஒரு குரல்.

பிறகு விடை விரைவில் கிடைத்தது. கோப்புறை வெறுமையாகத் தெரிந்த கணினியில் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்தோம். அறை அமைக்கப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட பழைய வரி ஒன்று, வைகையின் முகவரி 12 என்று சொல்லிக்கொண்டிருந்தது. மின்தடைக்குப் பின் 12 என்ற முகவரி காவிரிக்குப் போயிருந்தது. எல்லாக் கணினிகளும் ஒரே நகலிலிருந்து நிறுவப்பட்டவை. ஆகவே காவிரியிலும் அதே பெயரில் ஒரு கோப்புறை இருந்தது, யாரும் பயன்படுத்தாமல், வெறுமையாக. மாணவன் வைகையின் கதவைத் தட்டினான்; திறந்தது காவிரி. வைகையில் ஒரு கோப்புகூட அழியவில்லை.

அந்த வரியை நீக்கியதும் பழுது தீர்ந்தது. முதலில் குற்றம் சாட்டிய மாணவர்கள் தாமாகவே அவளிடம் வருத்தம் தெரிவித்தார்கள். அன்று பாடத்திட்டத்தில் இருந்தது வேறு பாடம். ஆயினும் அந்தப் பாடவேளை வீணாயிற்று என்று நான் நினைக்கவில்லை. சான்று கிடைக்கும் முன்பே ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிடுவது எவ்வளவு எளிது என்பதை அவர்கள் நேரில் பார்த்தார்கள்.

மீண்டும் வராமல் இருக்க

அதன் பிறகு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடுகள் எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

• கோப்புகளைப் பகிரும் கணினி, அச்சுப்பொறி ஆகியவற்றுக்கு மட்டும் ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் நிலையான முகவரியை ஒதுக்கிவிட்டோம். டிஎச்சிபி பகுதியில் முகவரி ஒதுக்கீடு என்ற வசதி பெரும்பாலான ரௌட்டர்களில் உண்டு. மின்தடை வந்தாலும் அந்த முகவரி மாறாது.

• மற்றக் கணினிகளின் பெயர்களை ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதுவதை நிறுத்தினோம். லோக்கல் என்ற பின்னொட்டோடு அழைக்கப் பழகினோம்.

• ஒரே நகலிலிருந்து நிறுவிய கணினிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் இருக்கக்கூடும். அப்போது அவாஹி, பின்னால் வரும் கணினியின் பெயரோடு 2, 3 என்று எண்ணைச் சேர்த்துவிடும். எது முதலில் இயங்குகிறது என்பதைப் பொறுத்து அந்த எண் நாள்தோறும் மாறலாம். "ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம்" என்ற கட்டளையால் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் தாருங்கள். ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு மட்டுமே பயன்படுத்துங்கள். மாணவர்கள் விரும்பும் அடிக்கோடு இங்கே ஆகாது.

• பெயரை மாற்றியதும் அதே கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1 வரியிலுள்ள பழைய பெயரையும் மாற்றுங்கள். மறந்தால், சூடோ கட்டளை தரும்போது "அனேபிள் டு ரிசால்வ் ஹோஸ்ட்" என்ற எச்சரிக்கை வரலாம்.

• கணினியின் மேல் அதன் பெயரை ஒட்டிவையுங்கள். முகவரியை ஒட்ட வேண்டாம், அது மாறக்கூடியது.

கணினி இல்லாமல் ஒரு செயல்பாடு

இந்தக் கருத்தை நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கும் விளையாட்டாகக் கொண்டு செல்லலாம். கணினி தேவையில்லை, தாள் துண்டுகள் போதும்.

பத்துக் குழந்தைகள் வட்டமாக அமரட்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆற்றின் பெயர் எழுதிய சீட்டும் ஓர் எண் சீட்டும் கொடுங்கள். எண் சீட்டை மடியில் மறைத்துக்கொள்ளட்டும். பதினொன்றாவது குழந்தை ரௌட்டர். அதன் கையில் பதிவேடு. ஒரு விதி: கடிதத்தின் மேல் எண் எழுதினால் மட்டுமே அது போய்ச் சேரும்.

முதல் சுற்றில், கடிதம் எழுதுபவர் "பாலாறு யார்?" என்று உரக்கக் கேட்கட்டும்; பாலாறு தன் எண்ணைச் சொல்லட்டும். இரண்டாம் சுற்றில், பேசாமல் ரௌட்டரிடம் சென்று பதிவேட்டைக் கேட்கட்டும். மூன்றாம் சுற்றில், கேட்டறிந்த எண்களை ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். இப்போது "மின்தடை!" என்று சொல்லி எண் சீட்டுகளைக் கலைத்து மீண்டும் கொடுங்கள். குறிப்பேட்டை நம்பி எழுதிய கடிதங்கள் வேறு கைகளுக்குப் போகும், வகுப்பே சிரிக்கும். நான்காம் சுற்றில், இருவருக்கு ஒரே பெயரைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு கார்த்திக் உள்ள வகுப்பில் நாம் தலைப்பெழுத்தைச் சேர்த்து அழைப்பதை அவர்களே சொல்வார்கள்.

விளையாட்டு முடிந்ததும் இரண்டு கேள்விகள் போதும்: கடிதம் தவறான இடத்துக்கு ஏன் போனது? அதை முதலில் கண்டுபிடித்தவர் எப்படிக் கண்டுபிடித்தார்? மேல்நிலை மாணவர்களுக்கு இதே கேள்விகளை முனையத்தின் முன் கேட்கலாம்.

ஒரு பதிவேடு போதும்

ஆசிரியர்கள் கணினி அறையில் ஒரு பழுதுப் பதிவேடு வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். அதில் நான்கு பத்திகள்: எந்தப் பெயரை அழைத்தோம், என்ன செய்தி வந்தது, எந்த முகவரி காட்டியது, கடைசியில் காரணம் என்ன. மாணவர்களே எழுதட்டும். "கனெக்ட் ஆகல" என்று மட்டும் எழுத இதில் இடமில்லை. என்ன கேட்டோம், யார் பதில் சொன்னார் என்பதைக் குறித்தே ஆக வேண்டும். பழுது நீக்குபவர் வரும்வரை காத்திருக்கும் நாட்களையும் இது குறைக்கும். அவர் வந்தாலும், முதலில் கேட்கப் போவது இந்த நான்கு கேள்விகளைத்தான்.